பிழையைத் திருத்துவதா, பிழைக்குக் காரணம் கேட்பதா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: கல்லூரியில் புதிதாகத் தொடங்கியிருக்கும் எழுத்து உதவி மையத்தில், தமிழ்க் கட்டுரைகளோடு வரும் மாணவர்களுக்கு உதவும் பொறுப்பு உங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய மையங்களின் பயிற்றுநர்கள் இலக்கணப் பிழைகளைத் திருத்தித் தருவதில்லை என்று படித்திருக்கிறீர்கள், ஆனால் உங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் "பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள்" என்றுதான் கேட்கிறார்கள். திருத்துவதா, மறுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்பது என் பதில். பிழையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் அதை எழுதியவரின் கணக்கு எங்கே தவறியது என்பதைக் கண்டுபிடிப்பதற்காகப் பார்க்க வேண்டும். திருத்தும் பேனா, முடிந்தவரை, அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் அந்த நெறி எப்படி உருவானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சூழ்நிலை தெரியாமல் நெறியை மட்டும் இங்கே கொண்டுவந்தால் பொருந்தாது. 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், அந்நகரின் உயர்நிலைப் பள்ளியில் தேறிய எவருக்கும் இடம் தரத் தொடங்கியது. அதுவரை கல்லூரிப் படியேறாத குடும்பங்களிலிருந்து மாணவர்கள் திரளாக வந்தார்கள். அவர்கள் எழுதிய ஆங்கிலத்தைப் பார்த்துப் பேராசிரியர்கள் பலர் இவர்களுக்குக் கற்பிக்கவே முடியாது என்று கைவிரித்தார்கள். அப்போது அங்கே பணியாற்றிய மினா ஷாக்னெஸ்ஸி, அம்மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைப் படித்து, அவற்றிலிருந்த பிழைகளை வகைப்படுத்தி, 1977இல் நூலாக வெளியிட்டார். பிழைகள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் எழுதியவர் தமக்குத் தெரிந்ததைக் கொண்டு போட்ட ஒரு கணக்கு இருக்கிறது என்பதே அவர் காட்டியது. மொழி கற்பவர்களின் பிழையைப் பற்றி 1967இலேயே பிட் கார்டர் என்ற மொழியியலாளர் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லியிருந்தார்: கைதவறுதலால் நேரும் வழு வேறு, கற்பவர் மனத்தில் இருக்கும் விதியே மாறியிருப்பதால் நேரும் பிழை வேறு. பயிற்றுநர் தேட வேண்டியது இரண்டாவதைத்தான்.

திருத்தித் தர மறுக்கும் மரபு வேறோர் எரிச்சலிலிருந்து பிறந்தது. எழுத்து மையத்தைப் பிழை நீக்கும் பழுதுபார்ப்புப் பட்டறையாகவே சக பேராசிரியர்கள் கருதுகிறார்கள் என்று பொறுமையிழந்த ஸ்டீபன் நார்த், 1984இல் எழுதிய கட்டுரையில், கொண்டுவந்த தாளைச் செப்பனிடுவது எங்கள் வேலையல்ல, எழுதுகிறவரை வளர்ப்பதே வேலை என்று வாதிட்டார். 1991இல் ஜெஃப் புரூக்ஸ் அதை நடைமுறை அறிவுரையாக்கினார்: மாணவருக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், தாள் அவர் முன்னால் இருக்கட்டும், நீங்கள் பென்சிலைத் தொடாதீர்கள், அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்தது பெரும்பாலும் இந்த வழியில் வந்ததாகவே இருக்கும். இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்துவதால் எழுத்து மேம்படுவதில்லை என்று 1963ஆம் ஆண்டின் ஆய்வறிக்கை ஒன்று கூறியிருந்ததும் இந்தப் போக்குக்குத் துணையாக இருந்தது.

ஆனால் இந்த மரபுக்கு உள்ளேயிருந்தே மறுப்பு வந்தது. வேறு தாய்மொழி கொண்ட மாணவர்களிடம் "இந்த வாக்கியம் உங்கள் காதுக்குச் சரியாகப் படுகிறதா?" என்று கேட்பதில் பொருளில்லை, அந்தக் காதே அவர்களிடம் இன்னும் உருவாகவில்லை, ஆகவே பயிற்றுநர் சில நேரங்களில் தெரிந்ததை நேரடியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஜூடித் பவர்ஸ் 1993இல் எழுதினார். தமிழ்க் கட்டுரைகளோடு உட்காருகிற நமக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான குறிப்பு இதுவே என்று கருதுகிறேன். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கும் எழுத்துத் தமிழ் வீட்டில் பேசும் மொழியன்று. பேச்சில் "மரமெல்லாம் விழுந்துச்சு" என்று சொல்லி வளர்ந்தவர், "மரங்கள் விழுந்தது" என்று எழுதும்போது அவர் காது எந்த எச்சரிக்கையும் தராது. அந்த வகையில் நாம் அனைவருமே எழுத்துத் தமிழை ஓரளவுக்கு இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள்தாம். ஆகையால் எல்லாவற்றையும் கேள்வியாகவே கேட்டு மாணவரிடமிருந்து விடையை வரவழைக்கும் உத்தி இங்கே பாதி தூரம்தான் வரும்.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். நம்மிடம் வரும் கட்டுரைகளில் வழக்கமாகக் காணப்படும் பிழைகளை ஒன்றுசேர்த்து நானே அமைத்த பத்தி இது:

"இந்த கட்டுரையின் நோக்கம் கிராமப்புற நூலகங்கள் ஏன் மூடப்பட்டு வருகிறது என்பதை ஆராய்ந்துள்ளது. நூலகத்துக்கு வந்துக் கொண்டிருந்த வாசகர்கள் குறைந்துவிட்டனர். ஒவ்வொரு ஊர்களிலும் இதே நிலை தான் உள்ளது."

மூன்று வாக்கியங்களில் ஆறு பிழைகள். "இந்தக் கட்டுரை" என்று ஒற்று மிக வேண்டும். நூலகங்கள் "வருகின்றன" என்று பன்மையில் முடிய வேண்டும். நோக்கம் எதையும் "ஆராய்ந்துள்ளது" என்று முடிய முடியாது. "வந்து கொண்டிருந்த" என்பதில் ஒற்று மிகாது. "ஒவ்வோர் ஊரிலும்" என்று ஒருமை வர வேண்டும். "நிலைதான்" என்பதைப் பிரிக்கக் கூடாது. பேனாவை எடுத்தால் ஒரு நிமிடத்தில் ஆறையும் திருத்திவிடலாம். மாணவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார்; அடுத்த கட்டுரையில் அதே ஆறும் திரும்பி வரும், ஏனென்றால் அவர் தலைக்குள் இருக்கும் விதி எதையும் நாம் தொடவேயில்லை.

ஆறையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது அடுத்த செய்தி. இங்கே மிகப் பெரிய பிழை மூன்றாவது. "நோக்கம்" என்று தொடங்கி, இடையில் நீண்ட கேள்வியொன்றை நுழைத்து, முடிவதற்குள் எழுவாய் மறந்துபோய் "ஆராய்ந்துள்ளது" என்று முடித்திருக்கிறார். இதை வெறும் வாக்கியப் பிழையென்று ஒதுக்கிவிட முடியாது. அவர் சொல்ல வந்தது செய்யப்போகும் ஆய்வின் நோக்கத்தையா, செய்து முடித்த ஆய்வின் முடிவையா என்பது அவருக்கே தெளிவாகவில்லை. "இந்தப் பத்தியை எழுதும்போது உங்களிடம் விடை இருந்ததா, கேள்வி மட்டும் இருந்ததா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சிறு மௌனத்துக்குப் பிறகு உண்மையான பேச்சு தொடங்கும். வாசகர் குறைந்ததால் நூலகம் மூடப்பட்டதா, நூலகம் பாதி நாள் பூட்டியே கிடந்ததால் வாசகர் குறைந்தனரா என்பதை இரண்டாம் வாக்கியம் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் வெளியே வரும். உள்ளடக்கம் முதலில், இலக்கணம் கடைசியில் என்று பயிற்றுநர்களுக்குச் சொல்லித்தரும் வரிசை பொதுவாகச் சரிதான். நீக்கப்போகும் பத்திக்கு ஒற்றுத் திருத்துவது வீண் வேலை. ஆனால் நீண்ட தமிழ் வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் முரண்படும் இடம், பல நேரங்களில், சிந்தனை தடுமாறிய இடமாகவே இருக்கிறது. அத்தகைய பிழையை முதல் பத்து நிமிடத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

உரக்க வாசிக்கச் சொல்வது நல்ல உத்தி, ஆனால் அது எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். மேற்கண்ட முதல் வாக்கியத்தை மாணவர் வாசித்தால் "ஆராய்ந்துள்ளது" என்ற இடத்தில் குரல் தடுமாறும். மூச்சு போதாமல் போவதே வாக்கியம் சிக்கலானது என்பதற்கு அடையாளம். "நேற்று இறந்த தலைவருக்கு அஞ்சலி செலுத்தினர்" போன்ற இருபொருள் வாக்கியங்களும், இறந்தது நேற்றா, அஞ்சலி நேற்றா என்று, எங்கே நிறுத்தி வாசிப்பது என்ற ஐயத்திலேயே வெளிப்பட்டுவிடும். மாறாக, "நூலகங்கள் மூடப்பட்டு வருகிறது" என்பதை அவர் தடையே இல்லாமல் வாசித்துவிடுவார். ரகர றகரமும் அப்படியே: "அரை", "அறை" இரண்டையும் ஒன்றுபோலவே ஒலிக்கிறவரை எத்தனை முறை வாசிக்கச் சொன்னாலும் பயனில்லை, தென் மாவட்டங்களில் ழகரத்தை ளகரமாக ஒலித்து வளர்ந்தவருக்கு "வாழை"யும் "வாளை"யும் ஒன்றுதான். அங்கே காதை நம்பாமல் கண்ணைப் பழக்க வேண்டும். தாம் தவறவிடும் சொற்களை மட்டும் அவரே ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வதற்கு இணையான வழி எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். தாளில் இருப்பதை வாசிக்காமல், தாம் எழுத நினைத்ததையே பலர் வாசிப்பார்கள். தாளில் "வந்தது" என்றிருக்கும், வாய் "வந்தன" என்று சொல்லும். 1980இல் டேவிட் பார்த்தலமே இதைப் பதிவு செய்திருக்கிறார். அப்படி வாய் தானாகத் திருத்திய பிழைக்கு விதி சொல்ல வேண்டியதில்லை, அதைச் சுட்டிக்காட்டினால் போதும்.

இனி "வந்துக் கொண்டிருந்த". இந்தப் பிழை எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் இது கவனக்குறைவால் வருவதன்று. கவனமாக எழுத முயல்கிறவரிடமே அதிகம் வரும். "ஏன் இங்கே க் போட்டீர்கள்?" என்று, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். "எடுத்துக் கொண்டு என்று எழுதுகிறோமே சார், அதே மாதிரிதானே?" என்று பதில் வரும். விதி இருக்கிறது, அதன் எல்லைதான் தவறு. இப்போது தாளின் இடப்பக்கம் எடுத்து, படித்து, கேட்டு, கற்று என்றும், வலப்பக்கம் வந்து, செய்து, நின்று, அழுது என்றும் எழுதி, இடப்பக்கச் சொற்களுக்குப் பின் ஒற்று மிகும், வலப்பக்கச் சொற்களுக்குப் பின் மிகாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு வரிசைக்கும் என்ன வேறுபாடு என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். கடைசி எழுத்துக்கு முன்னால் இடப்பக்கத்தில் த், ட், ற் என்று வல்லின மெய் நிற்கிறது, வலப்பக்கத்தில் அது இல்லை என்பதைப் பெரும்பாலோர் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகு அதற்கு வன்தொடர்க் குற்றியலுகரம் என்று பெயர் என்பதைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் பள்ளிக்கூடத்து அச்சம் வந்து கதவை அடைத்துவிடும். இந்த ஒரு விதி பிடிபட்டால் "என்றுக் கூறினார்", "செய்துக் கொடுத்தார்", "நின்றுப் பேசினார்" என்று அதே கட்டுரையில் இருக்கும் மற்றவை அனைத்தையும் அவரே தேடித் திருத்துவார். து, டு, று என முடியும் வினையெச்சங்களுக்கு மட்டுமே இந்தப் பாகுபாடு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்; "தேடிப் போனான்", "வரச் சொன்னான்" ஆகியவற்றில் ஒற்று மிகுவதற்குக் காரணம் வேறு, அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

ஒற்றுப் பிழை அற்பமானது என்று எண்ணுகிற மாணவரிடம் வாதம் செய்யாமல் "வேலை கொடு", "வேலைக் கொடு" என்ற இரண்டையும் எழுதிக் காட்டுங்கள். முன்னது பணி கேட்கிறது, பின்னது முருகன் கை ஆயுதத்தைக் கேட்கிறது. "தந்த பலகை" யாரோ கொடுத்தது, "தந்தப் பலகை" யானைக் கொம்பில் செய்தது. கணினியில் வாணி, நாவி போன்ற தமிழ்ப் பிழைதிருத்திகள் இருக்கின்றன. வழக்கமான ஒற்றுகளைப் பார்த்துக்கொள்ள அவற்றை மாணவர்கள் பயன்படுத்துவதை நான் தடுப்பதில்லை. ஆனால் இரண்டு வடிவங்களுமே இலக்கணப்படி சரியாக இருக்கும் இத்தகைய இடத்தில், எழுதியவர் எதைச் சொல்ல வந்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

தாளில் குறியிடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983இல் விவரித்த முறையை அப்படியே பின்பற்றலாம்: பிழையைச் சுழிக்காமல், பெயரிடாமல், அது இருக்கும் வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு சிறு குறி மட்டும் இடுவது, ஒரு வரியில் இரண்டு பிழை இருந்தால் இரண்டு குறி. குறியிட்ட வரிகளில் பாதிக்கும் மேற்பட்ட பிழைகளை மாணவர்களே கண்டுபிடித்துத் திருத்தினார்கள் என்பது அவர் கண்டது. தமிழிலும் இது நன்றாகவே நடக்கிறது, சிவப்பு மையில்லாமல் பென்சிலால் செய்தால் இன்னும் நல்லது. அவர் கண்டுபிடிக்க முடியாமல் விட்டவைதாம் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டியவை. நேரம் அங்கேதான் செலவாக வேண்டும்.

திருத்தம் உதவவே உதவாது, தீங்குதான் செய்யும் என்று 1996இல் ஜான் டிரஸ்காட் எழுதி ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பினார். 1999இல் டானா ஃபெரிஸ் அதற்கு அளித்த மறுப்பில் செய்த ஒரு பாகுபாடு, விவாதத்தில் யார் பக்கம் இருந்தாலும் நமக்குப் பயன்படும்: விதி சொல்லித் தீர்க்கக்கூடிய பிழைகள் ஒருபுறம், விதியால் தீராதவை மறுபுறம். ஒற்று, எண் (ஒருமை, பன்மை), "ஒவ்வொரு" என்பதன்பின் ஒருமை ஆகியவை முதல் வகை. சொல் தேர்வு இரண்டாம் வகை. "அரசு இத்திட்டத்தை வெகுவாக அனுபவித்து வருகிறது" என்று ஒருவர் எழுதினால், அங்கே விதி சொல்ல எதுவுமில்லை. அவர் நினைத்தது "ஆதரித்து" என்பதா, "நடைமுறைப்படுத்தி" என்பதா என்று கேட்டு, இரண்டு மூன்று சொற்களை நீங்களே நேரடியாகக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் வழி. இங்கே விடையை ஒளித்து வைத்துக்கொண்டு "யோசித்துப் பாருங்கள்" என்று காத்திருப்பது, தெரியாத ஊரில் வழி கேட்டவரிடம் "நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

சிலவற்றை விட்டுவிடவும் தெரிய வேண்டும். "ஒரு", "ஓர்" வேறுபாட்டை நான் கடைசிவரை எடுப்பதில்லை. "அவன் நல்லவன் அல்ல" என்பதை "அல்லன்" என்று மாற்றச் சொல்வது இலக்கணப்படி சரி. ஆனால் எண் முடிபே இன்னும் கைவராத மாணவரிடம் அதைச் சொல்வது அவரை மலைக்க வைக்கும். "முயற்சித்தார்" என்பது பிழை, "முயன்றார்" என்றே எழுத வேண்டும் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. நாளிதழ்களில் அன்றாடம் வரும் சொல்லுக்காக ஓர் அமர்வைச் செலவிட நான் ஆயத்தமாக இல்லை. "மாடு வந்தன" என்று எழுதியிருந்தால் உடனே பாயாதீர்கள். கள் விகுதி இல்லாத அஃறிணைப் பெயர் ஒருமை, பன்மை இரண்டு முடிவையும் ஏற்கும் என்பதை நம் இலக்கணமே ஒப்புக்கொள்கிறது. ஜோசப் வில்லியம்ஸ் என்ற பேராசிரியர் 1981இல், பிழையைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குள்ளேயே ஏறத்தாழ நூறு பிழைகளை வேண்டுமென்றே வைத்து, அதைக் கடைசியில்தான் வெளிப்படுத்தினார்; தேர்ந்த வாசகர்களும் பெரும்பாலானவற்றைக் கவனிக்காமலே வாசித்திருந்தார்கள். மாணவர் தாளென்றால் பிழை தேடி வாசிக்கிறோம், அறிஞர் கட்டுரையென்றால் பொருள் தேடி வாசிக்கிறோம். முதல் வாசிப்பில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மாணவர் தாளையும் பொருளுக்காக வாசியுங்கள். அந்த வாசிப்பில் உங்களைத் தடுத்து நிறுத்திய பிழைகள்தாம் முதலில் பேச வேண்டியவை.

விதிவிலக்குகளும் உண்டு. நாளை காலை அனுப்ப வேண்டிய வேலை விண்ணப்பத்தோடு ஒருவர் வந்தால் உட்கார்ந்து முழுவதையும் திருத்திக் கொடுங்கள். அது கற்கும் நேரமன்று. முனைவர் பட்ட ஆய்வேட்டை முழுதாகத் திருத்திக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அது ஊதியம் பெற்றுச் செய்யும் மெய்ப்புத் திருத்துநரின் வேலை, அதோடு மதிப்பெண் பெறப்போகும் எழுத்தில் உங்கள் கை எவ்வளவு இருக்கலாம் என்ற கேள்வியும் எழும். இந்த எல்லையைத் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே பேசி, மையத்தின் சுவரில் ஒட்டும் அறிவிப்பிலேயே போட்டுவிட்டால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே விளக்க வேண்டியிருக்காது.

"பிழை மட்டும் பாருங்கள்" என்று வருகிறவரிடம் "அது எங்கள் வேலையல்ல" என்று தொடங்காதீர்கள். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, ஓர் அமர்வுக்கு இரண்டு வகைப் பிழைகளுக்கு மேல் எடுக்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள். எழுந்து போகுமுன், அன்று புரிந்த விதியை அவர் தம் சொந்தச் சொற்களில், தம் கட்டுரையிலிருந்தே ஒரு எடுத்துக்காட்டோடு, குறிப்பேட்டில் எழுதட்டும். நீங்கள் எழுதித் தர வேண்டாம். அடுத்த முறை வரும்போது புதிய கட்டுரையை உங்களிடம் நீட்டுவதற்கு முன்னால், அந்தக் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவரே ஒருமுறை வாசித்துவிட்டு வரட்டும்.